பகல் தூக்கம்

நீலசந்திரா நடத்தும் பாலர் பள்ளியில் எல்லம்மா ஆயாவாகச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. சுதந்திரம் வந்த வருஷம் சேர்ந்தவள். எத்தனையோ டீச்சர்களைப் பார்த்துவிட்டதால், அலர்மேல்மங்கை வந்தபோதும் 'இதுவும் ஆறு மாசம்தான்' என்று முடிவு கட்டிவிட்டாள். காரணம் மங்கை மிஸ்ஸின் குரல். பயிற்சியில் அந்தக் குரலுக்கே பாராட்டு வாங்கியவளாம். அவள் 'குட் மார்னிங் சில்ட்ரன்' என்றால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும்; பிஞ்சுகள் எத்தனை நாள் தாங்கும்?

அந்த வகுப்பில் காந்தா என்று நாலு வயதுப் பெண். சேர்ந்து மூன்று மாதமாகியும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைக் காட்டுவாள். மற்றப் பிள்ளைகள் கத்தினால் மிரண்டுபோய்ச் சுற்றுமுற்றும் பார்ப்பாள். குழந்தை ஊமை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் டோரீன் அம்மாளிடம் போய்ச் சொன்னது வேறு யாருமில்லை, எல்லம்மாவேதான். அது இப்போது வினையாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன். அன்னிக்கும் பேசலைன்னா பேரை அடிச்சிட்டு, ஸீட்டை வேற குழந்தைக்குக் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

மங்கை மிஸ் பொம்மை காட்டினாள், பாடினாள், கெஞ்சினாள். குரல் உயர உயரக் காந்தா சுருங்கினாள். வியாழக்கிழமை பள்ளி விட்டதும், "எல்லம்மா, இவ வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள் மங்கை. குழந்தையின் வீடு தேடிப் போகும் டீச்சரை எல்லம்மா அதுவரை கண்டதில்லை.

ஒற்றை அறை வீடு. மங்கை வாசலில் "அம்மா!" என்று குரல் கொடுத்ததுதான் தாமதம், காந்தாவின் தாய் தனக்கோடி உதட்டில் விரலை வைத்தபடி ஓடிவந்தாள். உள்ளே அவள் கணவன் முனியப்பன் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மில்லுல நைட் ஷிப்ட்டு, மிஸ். பகல்ல தூங்கலைன்னா மெஷின்கிட்ட நிக்க முடியாது. அதான் பொறந்ததுலேர்ந்தே பகல்ல சத்தம் போடாம பழக்கிட்டேன்" என்று கிசுகிசுத்தாள் தனக்கோடி. "அவரு கெளம்பினாப் போதும், அப்புறம் இவ வாய மூடறது ஒரே பேஜாரு!"

எல்லம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். மங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாயும் மகளும் முகத்தோடு முகம் வைத்து மெல்லிய குரலில் பேசிச் சிரிப்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை டோரீன் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மங்கை தரையில் சம்மணம் போட்டு, பிள்ளைகளைச் சுற்றி நெருக்கமாக உட்காரவைத்து, சந்தையில் வழி தவறிய ஆட்டுக்குட்டியின் கதையை ரகசியம் போலத் தொடங்கினாள். எல்லம்மா அசந்துபோனாள். பாராட்டு வாங்கித் தந்த குரலை ஒரே நாளில் இறக்கிவைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? முப்பது வாண்டுகளும் மூச்சுவிடாமல் கேட்டன.

பாதிக் கதையில் காந்தா நகர்ந்து வந்து மிஸ்ஸின் காதோரம் வாயை வைத்தாள்.

"மிஸ், இங்க யாரு தூங்கறாங்க?"

மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. "யாருமே தூங்கல, கண்ணு" என்றாள் அதே சின்னக் குரலில்.

காந்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து நின்று டோரீன் அம்மாளைப் பார்த்தாள், எல்லம்மாவைப் பார்த்தாள், நாலு மூலையையும் பார்த்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்:

"அப்போ ஆட்டுக்குட்டி என்னா ஆச்சு, மிஸ்?"