தரையில் துள்ளிய பேட்டரிகள்

அண்ணிக்கு எட்டாவது மாதம். காலையும் மாலையும் வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மேலே காட்டுகிற எண் நூற்று நாற்பதைத் தாண்டினால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷினுக்கு நான்கு பேட்டரி. அடிக்கடி தீர்ந்துபோகிறதென்று அண்ணன் சார்ஜ் செய்கிற பேட்டரிகளும் சார்ஜரும் வாங்கி வைத்துவிட்டு, வேலையாக வெளியூர் போயிருந்தான்.

அப்பா எந்தப் பேட்டரியையும் தரையில் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒரு சாண் உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து விடுவார். தொப்பென்று விழுந்தால் உயிர் இருக்கிறது. துள்ளி உருண்டால் தீர்ந்துவிட்டது. ரிமோட், கடிகாரம், டார்ச் எதிலும் அவர் கணக்கு தப்பியதில்லை.

புதியவை அத்தனையும் துள்ளின.

"பாத்தியா, கோலிக்குண்டு மாதிரி குதிக்குது! உங்கண்ணன் தலையில நல்லா மிளகா அரைச்சுட்டான் கடைக்காரன்."

"சார்ஜர்ல பச்சை லைட் எரிஞ்சுதேப்பா."

"லைட்டுக்கு என்ன, எரியச் சொன்னா எரியும்."

சார்ஜர் நிறைந்துவிட்டது என்கிறது, தரை காலி என்கிறது. எதை நம்புவது?

அப்பா புதியதில் இரண்டை மட்டும் போனால் போகிறதென்று வைத்து, கடிகாரத்திலிருந்து ஒன்றும் ரிமோட்டிலிருந்து ஒன்றும் பிடுங்கிச் சேர்த்தார். மெஷின் அண்ணியின் கையை இறுக்கிக்கொண்டே போய், பாதியில் புஸ்ஸென்று மூச்சை விட்டு அணைந்தது.

"மாமா, பிரஷர் எனக்கா, இதுக்கா?" என்று அண்ணி சிரித்தாள். ஆனால் காலையிலிருந்தே அவளுக்குத் தலைவலி. நெற்றியை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, கடிகாரமும் நின்னு போச்சு. இனிமே மணி பாக்க பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள் அம்மா.

அப்பா எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டியிருந்தார். புதியவற்றைப் பொறுக்கி மறுபடி சார்ஜரில் மாட்டினேன். சாயங்காலம் பச்சை விளக்கு வந்தது. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, தரையில் போடாமல் நான்கையும் அப்படியே மெஷினில் போட்டேன்.

நூற்று ஐம்பத்தெட்டு.

அண்ணி சிரிக்கவில்லை. ஈரத் தலையோடு வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"அந்தக் குதிச்சதையா போட்ட? அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். காலையில நல்ல பேட்டரி வாங்கியாறேன், அப்புறம் பாக்கலாம்."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தேன். நூற்று அறுபது. பேட்டரி பொய்யென்றால் இரண்டு தரமும் ஏன் ஒரே மாதிரி பொய் சொல்ல வேண்டும்? ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லப்பா. இப்பவே போகணும்."

நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் பம்ப் அடித்துப் பார்த்தாள். அதே நூற்று அறுபது. "நல்ல வேளை, தள்ளிப்போடாம வந்தீங்க" என்று சொல்லி அண்ணியை அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

அப்பா என் காதருகே வந்தார். "அப்போ அது ஏம்மா குதிச்சுது?"

சார்ஜ் செய்கிற பேட்டரி நிறைந்திருந்தாலும் துள்ளும் போலிருக்கிறது. மெஷின் சரியாகச் சொன்னதே என்றும் இருந்தது. தப்பாகவே சொல்லியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

அண்ணி என் கையைப் பிடித்தாள். "உங்கண்ணனுக்குப் போன் பண்ணும்மா. பயமுறுத்தாம சொல்லு."

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதல் வார்த்தையை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அண்ணன் நம்பரை அழுத்தினேன்.