எடுக்காத மணி

மாதுங்காவில் அந்த ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே மாரீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆயிரத்து எழுநூத்து இருபது கால் போயிருக்கு," என்றார் வெங்கடேஸ்வரன், திரையைப் பேனாவால் தட்டி. "ஒருத்தர்கூட எடுக்கலையேம்மா. இத வச்சுண்டு நன்னா ஓடறதுன்னு எப்படிச் சொல்றே?"

புதுத் தொழில் யோசனைகளுக்கு ஒரு வருஷம் கைகொடுக்கும் நிலையம் அது. இவர்தான் நடுவர்.

"எடுக்க மாட்டாங்க சார். எடுக்காம இருக்கதுக்குத்தான் அந்த மணியே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தாராவியில் அவள் குடியிருக்கும் சந்துக்கு, அந்தக் கல்லிக்கு, தண்ணீர் ஒரு நாள் மத்தியானம் இரண்டுக்கு வரும், ஒரு நாள் ஐந்துக்கு வரும். வந்தால் முக்கால் மணி நேரம். முதலில் பார்ப்பவர், தண்ணீர் வந்தாச்சு என்று இந்தியில், "பானி ஆயா" எனக் கத்துவார். பட்டறை மோட்டார் சத்தத்தில் தோல் ஒட்டும் பெண்களுக்கு அது எங்கே கேட்கும்? தண்ணீர் வந்தபின் ஓடிப்போய்ப் பிடித்துவர முதலாளிகள் விடுவார்கள். வருமா வருமா என்று குழாயடியில் காத்துக் கிடக்கத்தான் விட மாட்டார்கள். அங்கே தோல் ஒட்டும் மாரீஸ்வரியின் அம்மா இசக்கியே மாதத்தில் பத்து நாள் காலிக் குடத்தோடு திரும்பினாள்.

செம்பூர் துணிக்கடையில் பில் போடும் மாரீஸ்வரிக்கு கோடிங் தெரியாது. தெரியாமலே ஆப் கட்டலாம் என்று ஒரு வீடியோ சொன்னது. கட்டங்களை இழுத்து இழுத்து வைத்து, பேர் பதிய ஒரு படிவமும், நம்பர்களுக்கு ஒரு பட்டியலும், அமுக்க ஒரு பொத்தானுமாக இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டாள். முதலில் "தண்ணீர் வந்துவிட்டது" என்று தமிழில் மெசேஜ் போனது. ஒருத்தியும் வரவில்லை. பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது, மீதிப் பேருக்கு வாசிக்க நேரமில்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்காரர் சயான் ஸ்டேஷனில் இறங்கினால் மிஸ்டு கால், சோறு வெந்தால் மிஸ்டு கால் என்று வாழும் சனத்துக்குக் கடிதாசி எதற்கு? மெசேஜைத் தூக்கிவிட்டு மிஸ்டு கால் வைத்தாள். குழாயடியில் தையல் கடை போட்டிருக்கும் மாலதி அக்கா பொத்தானை அமுக்குவாள். எண்பத்தாறு போன் இரண்டு தடவை அடிக்கும். கட் பண்ணிவிட்டுக் குடத்தைத் தூக்க வேண்டியதுதான். இருபது நாளாக ஒரு வீட்டிலும் குடம் காலியாக இல்லை.

ஆனால் ஆப்பைக் கட்டிய அந்தக் கருவியை இலவசமாக ஓட்ட இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. நிலையம் தேர்ந்தெடுத்தால் ஒரு வருஷக் கட்டணம் அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் மணி நின்றுபோகும்.

இதையெல்லாம் அவள் சொல்லித்தான் பார்த்தாள். "கோடும் எழுதலை, காலும் எடுக்கலை," என்றார் அவர். "டேட்டா பொய் சொல்லாதும்மா." சோதிக்கிறேன் என்று படிவத்தில் தன் நம்பரையும் தானே பதிந்தார். மணி பதினொன்று. போன் அடிக்கவில்லை. "பாரு, எனக்கே வரலை."

"தண்ணி வந்தாத்தான் சார் வரும்."

"நூத்துல முப்பது பேராவது எடுக்கட்டும். அப்பறம் வா."

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும் இசக்கி கொதித்துவிட்டாள். "அவன் வீட்டுல குழாயத் தொறந்தா தண்ணி வருது. அவனுக்கு என்னத்தட்டி தெரியும்? ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவுமா? நாளைக்கு எல்லாரும் எடுத்துத் தொலைச்சிருவோம். அவன் கேட்ட கணக்கு வந்துரும்லா?"

ஒரு கணம் மாரீஸ்வரிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்த ஒவ்வொரு காலும் அந்தக் கருவி தரும் இலவச நிமிஷத்தைத் தின்னும். எண்பத்தாறு பேர் எடுத்தால் இரண்டே நாளில் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த மனுஷன் கண்ணுக்கு நன்றாக ஓடுவதாகத் தெரிய வேண்டுமென்றால் மணி செத்துப்போக வேண்டும். இது என்ன நியாயம்?

"யாரும் எடுக்கக் கூடாதும்மா," என்றாள்.

புதன்கிழமை அவளுக்குக் கடை லீவு. மூன்றே காலுக்கு மணி அடித்தது. கட் பண்ணிவிட்டு, இடுப்பில் குடத்தோடு கல்லியில் ஓடும்போது மறுபடியும் போன். இந்தத் தடவை வெங்கடேஸ்வரன்.

"என்னம்மா தொந்தரவு இது? அஞ்சு நாளா மீட்டிங் நடுவுல அடிச்சுண்டே இருக்கு!"

"எடுத்தீங்களா சார்?"

"மீட்டிங்ல எப்படி எடுக்கறது? கட் பண்ணிட்டேன். உங்க தாராவியில தண்ணி வந்தா எனக்கென்ன? மொதல்ல என் நம்பரத் தூக்கு."

மாரீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த குடம் ஒன்று முதுகில் இடித்தது.

"தண்ணி வந்துட்டுன்னு உங்களுக்கு யார் சார் சொன்னா?"

இருபது நாள் கணக்கைத் திரையில் தட்டித் தட்டிக் காட்டிய மனுஷன், "அதான் மணி அடிச்சுதே" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். "வெள்ளிக்கிழமை வா. மறுபடியும் பாக்கலாம்."

"நான் வரல சார். நீங்க வாங்க. மணி அடிக்கும். கட் பண்ணிட்டு, ஒரு குடத்தையும் தூக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அவர் போனையும் கட் பண்ணினாள். குழாயில் தண்ணீர் இன்னும் அரை மணி நேரம்தான் வரும்.