கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சீட்டு

நீல ரிப்பனைப் பார்த்ததும் நரேலுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாரபைன் ஊர்க் கண்காட்சியில் அவள் இதுவரை எதிலும் முதலாவதாக வந்ததில்லை. படங்களையும் குறிப்புகளையும் ஒட்டிச் செய்யும் ஸ்க்ராப்புக் பிரிவில் வருஷா வருஷம் ரோண்டாதான் ஜெயிப்பாள். இந்த முறை கண்ணாடிப் பெட்டியின் நடுத்தட்டில், துணி உறை போட்ட அவளுடைய கையடக்க ஆல்பம் விசிறிபோல் விரிந்து நின்றது. அதன் காலடியில் 'முதல் பரிசு' அட்டையும் நீல ரிப்பனும் கிடந்தன.

இரண்டடி கிட்டே போனாள். சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன உறை உண்டு. அந்த உறைக்குள் அவள் ஒரு சீட்டைச் செருகி, வாயைப் பசை நாடாவால் ஒட்டியிருந்தாள். இப்போது நாடா பிரிக்கப்பட்டிருந்தது. சீட்டு வெளியே எடுக்கப்பட்டு, நான்கு பேர் நின்று படிக்கத் தோதாக ஒரு சின்னத் தாங்கியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நடுவரின் குறிப்பு: 'ஒளித்து வைத்த வரிகள் மிக அழகு. மனத்தைத் தொட்டது.'

சீட்டில் நரேலின் உருண்டையான கையெழுத்து: 'டாலோ பாயின்ட். இண்டி பள்ளிக்கூடம் போன முதல் நாள். ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்கள். விடிகாலையில் சன்னலைத் திறந்தால் வீடு முழுக்க ரொட்டி வாசனையாம். என் தங்கை மறுபடி சிரிக்கிறாள்.'

தங்கை டாலோ பாயின்ட்டில் இருப்பது இந்த ஊரில் நரேல் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்திருக்க வேண்டியதும் அவள் ஒருத்திக்கு மட்டும்தான்.

தங்கை டீகன் தன் புருஷன் ஷேனை விட்டு ஓடிப்போனது போன வருஷம் குளிர்காலத்தில். கையில் மகள் இண்டியும் ஒரு பையும், கழுத்தில் விரல் தடமுமாக நரேலின் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். மறுநாள் அக்காவே காரை ஓட்டிக்கொண்டு போய் மலைக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வந்தாள். அவன் அவர்களை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவும் வாங்கியாயிற்று. ஆனால் ஊர் அதை நம்பவில்லை. ஷேன் தீயணைப்புத் தொண்டர் படையில் இருப்பவன். யார் வீட்டு பம்பு ரிப்பேரானாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறவன். "அவனா? அவன் ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்க மாட்டானே" என்று நரேலின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

தங்கை அவ்வப்போது போனில் படங்கள் அனுப்புவாள். முகம் தெரியாத படங்கள்: மணல் அப்பிய முழங்கால், பின்னல், கடலைப் பார்த்து நிற்கும் முதுகு. அவற்றை வைத்துத்தான் நரேல் இந்த ஆல்பத்தைச் செய்தாள். இண்டிக்குச் சின்னதாகிப்போன கவுனை வெட்டி உறை போட்டாள். பள்ளித் தொப்பியில் இருந்த சின்னத்தின் மேல் ஒரு பித்தான் ஒட்டி மறைத்தாள். எல்லாவற்றையும் மறைத்தவளுக்கு, இடமும் நாளும் எழுதாத பக்கம் பாதிப் பக்கம்தான் என்ற பழக்கம் கையை விடவில்லை. உறைக்குள் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுதிவிட்டாள்.

ஆல்பம் அவள் தனக்காகச் செய்துகொண்டதுதான். ரோண்டாதான் நச்சரித்தாள். "இந்த வருஷம் ஆளே சேரலைடி. இப்படியே போனா அடுத்த வருஷம் ஸ்க்ராப்புக்கையே தூக்கிருவாங்க. உன்கிட்ட இருக்கறதைக் கொடேன்." கொடுத்துவிட்டாள். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாமென்று சொல்லியிருப்பாள் என்பதும் நரேலுக்குத் தெரியும்.

பெட்டியின் கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

"ரோண்டா!" கொட்டகை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் ஓடினாள். "பெட்டிச் சாவி எங்கே?"

"கோரல்கிட்ட. அவ மாட்டுக் கொட்டகைப் பக்கம் போயிருக்கா. ஏன், ரிப்பனை இப்பவே கழுத்துல மாட்டிக்கணுமா?"

"விளையாடாதே. போய்க் கூட்டிட்டு வா."

"நான் எழுந்தா வாசலை யார் பார்க்கறது? நீயே போயேன்."

பெட்டியை விட்டுவிட்டுப் போக நரேலுக்குக் கால் வரவில்லை. "போன் பண்ணு. உடனே வரச் சொல்லு, கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி, கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

சனிக்கிழமைக் கூட்டம் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. ஜாம் பாட்டில்களையும் பூசணிக்காய்களையும் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இந்தப் பக்கம் ஒதுங்கினார்கள்.

"அட, பரிசு வாங்கினவளே காவல் நிக்கறா பாரு!" என்றாள் ஒருத்தி. "தள்ளும்மா, நாங்களும் பார்க்கறோம்."

"கண்ணாடி துடைக்கப் போறாங்க. அப்புறம் வாங்க" என்றாள் நரேல். குரல் அவளுடையதுபோலவே இல்லை. அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னால், "ஒரு ரிப்பனுக்கே இந்தத் திமிரா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தாள்.

அப்போதுதான் வதக்கிய வெங்காய வாசனை வந்தது.

ஷேன் நேராக அவளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான். தொண்டர் படையின் சட்டை, நன்றாகச் சீவிய தலை. இன்று மைதானத்தில் தொத்திறைச்சி சுடும் கடை அவன் பொறுப்பு. வழியில் இரண்டு பேர் தோளைத் தட்டினார்கள். இரண்டு பேருக்கும் சிரித்தான். கையில் காகிதத்தில் மடித்த ரொட்டி.

"நரேல்! காலையில ஒன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு தெரியும். இந்தாங்க."

அவள் கையை நீட்டவில்லை. அவனும் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டாள். காகிதம் வழியாக எண்ணெய் விரலில் சுட்டது.

"முதல் பரிசாமே. ஊரே பேசுது. கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா நானும் பார்ப்பேன்."

"பூட்டியிருக்கு."

"பார்க்கறதுக்கு எதுக்குச் சாவி?" அவன் சிரித்தான். ஒரு கையை அவள் தலைக்குப் பக்கத்தில் கண்ணாடி மேல் ஊன்றினான். யார் பார்த்தாலும் உறவுக்காரன் உரிமையோடு நிற்கிறான் என்றுதான் நினைப்பார்கள். "என் பொண்ணுதானே உள்ள இருக்கா. அப்பன் பார்க்கக் கூடாதா?"

நரேல் நகரவில்லை. கண்ணாடியின் குளிர்ச்சி சட்டைக்குள் இறங்கியது. அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. தங்கை இந்த மூச்சோடு ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தாளே என்று நினைத்தாள்.

"சரி, வேண்டாம்" என்றான் அவன், குழந்தையிடம் விட்டுக்கொடுப்பவன்போல. கையை எடுத்தான். "கடல்காத்து அவளுக்கு ஒத்துக்குதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான். கேக் மேசையருகே நின்று யாரையோ சிரிக்க வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

படங்களில் கடல் இருந்தது. அதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கலாம். அதை வைத்துச் சொல்லியிருப்பான். வேறொன்றும் இருக்காது. நரேல் இதையே மனத்துக்குள் ஜெபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தபோது சாவிக் கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

கைவினைப் பிரிவின் தலைமைப் பொறுப்பாளர் கோரல் கறார்ப் பேர்வழி. ரப்பர் பூட்ஸில் சாணி, கழுத்தில் அடையாள அட்டை. "என்ன தலைபோற அவசரம்? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு முன்னாடி ஒரு பொருளும் வெளியே போகாது. என் தங்கச்சிக்கே நான் குடுத்ததில்லை."

நரேல் அவள் காதருகே குனிந்து சொன்னாள். கழுத்துத் தடத்தைச் சொன்னாள், உத்தரவைச் சொன்னாள், சீட்டில் இருப்பதைச் சொன்னாள். இந்த ஊரில் யாரும் நம்பாத கதையை இன்னொரு முறை சொல்கிறோமே என்ற கூச்சத்தோடுதான் சொன்னாள்.

கோரல் பெட்டியைத் திறந்தாள். சீட்டை எடுத்து நரேலின் கையில் திணித்தாள். ஆல்பத்தையும் மூடிக் கொடுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நரேல், அவன் நேத்து சாயங்காலமே வந்தான்."

"என்ன?"

"கூட்டம் போனப்புறம் வந்து இதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். போன்ல படம் எடுத்தான். இருட்டா இருக்குன்னான்." கோரல் பெட்டிக்குள் இருந்த விளக்கைப் பார்த்தாள். "பொண்ணைப் பிரிஞ்ச அப்பன்தானேன்னு எனக்குப் பாவமாப் போச்சு. நான்தான் பெட்டி விளக்கைப் போட்டு விட்டேன்."

அப்படியானால் இன்று காலை அவன் படிக்க வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

ரொட்டியை எங்கே போட்டாள் என்று நரேலுக்கு நினைவில்லை. மைதானத்தைக் குறுக்காகக் கடந்து ஓடினாள். மரம் வெட்டும் போட்டிக்கு ஜனம் ஆரவாரித்துக்கொண்டிருந்தது. தொத்திறைச்சிக் கடையில் இடுக்கியைப் பிடித்திருந்தது வேறொருவர்.

"ஷேனா? இப்பத்தான் கிளம்பினான். யாருக்கோ பம்பு பார்க்கணுமாம். சாயங்காலம் வரமாட்டேன்னுட்டான். ஏன், உங்க வீட்டுலயும் பம்பு போச்சா?"

தங்கைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. சனிக்கிழமை, கீழே கடையில் வேலையாக இருப்பாள். நரேல் ரொட்டிக் கடையின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். கடைக்காரி ஹுயென் எடுத்தாள்.

"ஆர்டர்னா கொஞ்சம் இருங்க, கூட்டமா இருக்கு—"

"டீகனைக் கூப்பிடுங்க. அவ அக்கா பேசறேன். கூட்டம் கிடக்கட்டும்."

ரொட்டி அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா?"

"அவனுக்கு இடம் தெரிஞ்சுபோச்சு, டீகன். கிளம்பிட்டான்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "எப்படித் தெரிஞ்சுது?"

"என்னாலதான். நான் செஞ்ச ஆல்பத்துல எழுதியிருந்தேன். அதைக் கண்காட்சியில வச்சேன்."

தங்கை கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. டீகன், "எப்ப கிளம்பினான்?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பத்தான்."

"மலையைத் தாண்டி வரணும். அப்ப நேரம் இருக்கு." குரலில் பதற்றமே இல்லை. பை கட்டியே வைத்திருந்திருக்கிறாள் என்பது நரேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே போன நாளிலிருந்து, அந்த ரொட்டி வாசனைக்கு நடுவிலும், கதவுக்குப் பின்னால் ஒரு பை இருந்திருக்கிறது. "இண்டி, ஷூவைப் போட்டுக்கோ கண்ணு. ஆமா, இப்பவே." போன் துண்டிக்கப்பட்டது.

நுழைவாயிலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளம் போலீஸ்காரன் ஷேனோடு கிரிக்கெட் ஆடுகிறவன். நரேல் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "ஷேனா? பம்பு பார்க்கத்தான் போயிருப்பாரு அவர். நீங்க கொஞ்சம் அமைதியா—"

"தம்பி." பின்னாலேயே மூச்சிரைக்க வந்திருந்த கோரல் குறுக்கிட்டாள். "உத்தரவு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா—"

"அவன் நல்லவனா கெட்டவனான்னு உன்கிட்ட நாங்க கேட்கலை. அவங்க இருக்கற இடம் எழுதின சீட்டைப் போன்ல படம் எடுத்தான். நான் பார்த்த சாட்சி. ரேடியோவை எடு. எடுக்கலைன்னா உன் மேலதிகாரி எங்க உட்கார்ந்து பியர் குடிக்கறார்னு எனக்குத் தெரியும், அங்க போறேன்."

அவன் ரேடியோவை எடுத்தான்.

அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் பெரிய கொடுமை. கோரல் அவளைத் தேநீர் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ஜாம் தடவிய ஸ்கோன் பன் ஒன்றை முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. வெளியே ஒலிபெருக்கி குதிரைகளின் பெயர்களை வாசித்தது. நரேல் மனத்துக்குள் சாலையைப் போட்டுப் பார்த்தாள்: இப்போது பாலத்தைத் தாண்டியிருப்பான், இப்போது மலையேறியிருப்பான். வளைவுகளில் மெதுவாகப் போவானா? அவன் எதிலும் அவசரப்படாதவன். ஒரு ராத்திரி முழுக்க எல்லாம் தெரிந்துகொண்டு, காலையில் கடையில் நின்று வெங்காயம் வதக்கியவன். போன் மேசையில் அதிர்ந்தபோதெல்லாம் அவளும் அதிர்ந்தாள். எல்லாம் பரிசுக்கு வாழ்த்துச் சொன்ன செய்திகள்.

வெயில் சாயும் நேரத்தில்தான் அந்தப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ரொட்டிக் கடைக்குப் பின்சந்தில், வண்டிக்குள் என்ஜினை அணைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருந்தானாம். மகளுக்குப் பரிசு கொடுக்க வந்ததாகச் சொன்னானாம். வண்டியில் பொம்மை ஒன்று இருந்தது. "வேற சாமானும் இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண். என்னவென்று சொல்லவில்லை. நரேலும் கேட்கவில்லை. அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேல்மாடி காலியாகத்தான் இருந்தது.

கோரல் அழுதாள். நரேலுக்கு அழுகை வரவில்லை. கையைப் பார்த்தாள். ஆல்பத்தை இறுக்கிப் பிடித்ததில் உறைத்துணியின் தையல் உள்ளங்கையில் வரி வரியாகப் பதிந்திருந்தது.

ஷேன் ஜாமீனில் வெளியே வந்து தன் அம்மா வீட்டில் தங்கினான். வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப்பேர் நரேலோடு பேச்சை நிறுத்தினார்கள். கோரல் மட்டும் செவ்வாய்தோறும் காரணமில்லாமல் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். நரேல் இரவில் பின்வாசல் தாழ்ப்பாளை எழுந்து எழுந்து பார்த்தாள். தங்கையிடமிருந்து படமும் இல்லை, பேச்சும் இல்லை. அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் வலி குறைந்துவிடவில்லை.

மழை ஆரம்பித்த ஒரு மாலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா." டீகன்தான். "கோபமாத்தான் இருந்தேன். இன்னும் இருக்கு. ஆனா உன் குரல் கேட்காம இருக்க முடியலை. நாங்க நல்லா இருக்கோம். இப்ப இங்க—"

"சொல்லாதே" என்றாள் நரேல். "எந்த ஊர்னு எனக்குத் தெரியவே வேண்டாம். எப்பவும் சொல்லாதே."

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று மெல்ல விடப்பட்டது. பிறகு போன் கைமாறும் சத்தம்.

"நரேல் பெரியம்மா!" இண்டி கத்தினாள். "எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு பெரிய—"

"எதிர்ல என்ன இருக்குன்னு வேண்டாம் செல்லம்." நரேல் அவசரமாகத் தடுத்தாள். "வேற ஏதாவது சொல்லு. உனக்கு யாரு பிடிச்சிருக்கு?"

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "பக்கத்து வீட்டு நாய்."

"அதோட பேர் என்ன?"

"பிஸ்கட்."

"பிஸ்கட்" என்று திருப்பிச் சொன்னாள் நரேல். பேனா எடுக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அது கடிக்குமா? அதைப் பத்திச் சொல்லு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."