கோடு தாண்டிய கை

இறுதி மேசைக்கு எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தபோது விஜயபாஸ்கர் மட்டும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான். டிவியில் போக்கர் ஆடுகிறவர்கள் அப்படித்தான் வருவார்களாம். முகத்தைப் பார்த்து எதிராளி சீட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

எதிரே உட்கார்ந்திருந்த சோலையப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். மூன்று வருஷம் இந்த ஆளோடு வேலை பார்த்தவன் அவன். அந்த மூன்று வருஷத்தில் விஜயபாஸ்கரின் முகத்தை வேலை நேரத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கைதான்.

டவர் கிரேன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது புரியும். கிரேன் ஓட்டுகிறவன் அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். கீழே சுமை எங்கே இறங்குகிறது என்பது பாதி நேரம் அவனுக்குத் தெரியாது. சுவரோ பலகையோ மறைக்கும். அவனுக்குக் கண்ணாகக் கீழே ஒருவன் நிற்பான். அவனை ரிக்கர் என்பார்கள். மேலே சோலையப்பன், கீழே விஜயபாஸ்கர். வாக்கி டாக்கி உண்டுதான், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நாலு கிரேன் ஓடும் இடத்தில் நாலு பேர் குரலும் ஒன்றாகக் கலந்து இரையும். அதனால் கடைசியில் எல்லாம் கைதான். விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. முஷ்டியை மடக்கி உயர்த்தினால் நிறுத்து. மேலே இருப்பவன் ஏன் என்று கேட்க மாட்டான். கை சொன்னதைச் செய்வான்.

மூன்று வருஷம் ஒரே கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் குணம் தெரிந்துவிடும். விஜயபாஸ்கருக்கு நிச்சயமாகத் தெரிந்தால் முழங்கை உடம்பை விட்டு விலகி நிற்கும், முழுக் கையும் ஆடும். சந்தேகம் வந்தால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், மணிக்கட்டு மட்டும் ஆடும். யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு கோளாறு: கை முதலில் போகும், புத்தி பின்னால் வரும்.

போன வருஷம் ஜனவரியில் அப்படித்தான் கை போனது. இரண்டு டன் கம்பிக்கட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறதென்று எஞ்சினியர் "யல்லா, ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்திக் கத்தினார். விஜயபாஸ்கரின் விரல் கீழே நீண்டு சுழன்றது. சோலையப்பன் இறக்கினான். பலகைச் சுவருக்குப் பின்னால், கம்பி வந்து உட்காருவதற்குக் கட்டையைச் சரிசெய்துகொண்டு நாகலிங்கம் குனிந்திருந்தது மேலிருந்து தெரியவில்லை. கீழே இருந்தவன் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டிப் பார்த்தபோது முஷ்டி மடங்கியது, சோலையப்பனும் பிரேக் பிடித்தான். ஆனால் இரண்டு டன் சுமை பிரேக் பிடித்த இடத்திலேயே நிற்பதில்லை. ஒரு முழமாவது இறங்கித்தான் நிற்கும். அந்த ஒரு முழத்துக்குள் நாகலிங்கத்தின் வலது கால் இருந்தது.

விசாரணையில் விஜயபாஸ்கர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "நான் ஸ்டாப்தான் காட்டுனேன், அவருதான் பாக்கல." சேஃப்டி ஆபீசர் சிவசங்கரன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அறுபது மீட்டர் உயரத்திலிருந்தவன் பேச்சை எதை வைத்து நம்புவது? சோலையப்பனைக் கிரேனிலிருந்து இறக்கி, ஸ்டோரில் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டார்கள். விஜயபாஸ்கர் ஆறு மாதத்தில் ஃபோர்மேன் ஆனான்.

அதெல்லாம் கூடப் போகட்டும். நாகலிங்கமும் சோலையப்பனும் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூமில், மேல் கட்டில் கீழ் கட்டிலாக ஐந்து வருஷம் இருந்தவர்கள். பரமக்குடிக்கு அனுப்பிவைக்கச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தியபோது நாகலிங்கம் சொன்னது ஒன்றுதான். "மேல இருந்து பாத்துக்கிட்டே இறக்கிட்டியேடா." அதற்குப் பிறகு பதினான்கு மாதமாகச் சோலையப்பன் நம்பரைப் பார்த்தால் அவன் போனை எடுப்பதில்லை.

இந்தப் போட்டிக்குச் சோலையப்பன் பெயர் கொடுத்ததே பொழுது போகாமல்தான். கம்பெனி விளையாட்டு விழாவில் கிரிக்கெட், கயிறு இழுப்போடு அந்த 2007-ம் வருஷம் போக்கரும் சேர்ந்தது. ஐரிஷ்கார மேனேஜருக்கு அதில் பைத்தியம். இந்த அரபு ஊரில் காசு வைத்து ஆடினால் போலீஸ் வரும் என்பதால் காசு கிடையாது. சத்வா கடைத்தெருத் தையல்கடைகளில் கோட்டுப் பொத்தான்களை மூட்டையாக வாங்கி வந்து, வெள்ளை பத்து, நீலம் ஐம்பது, சிவப்பு நூறு என்று மதிப்பு வைத்தார்கள். ஐந்து கேம்ப், நூற்றெண்பது பேர், நாலு வெள்ளிக்கிழமை. ஜெயிப்பவனுக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட்டும் ஒரு மாதம் லீவும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சோலையப்பன் தன் ஆட்டம் முடிந்து, பக்கத்து மேசையில் விஜயபாஸ்கரின் முதுகுக்குப் பின்னால் நின்றான். யாரோ "சீக்கிரம்ப்பா" என்றார்கள். விஜயபாஸ்கரின் கை பொத்தான்களை முன்னால் தள்ளியது. உடனே முஷ்டி மடங்கியது. "ஸ்டாப், ஸ்டாப், நான் இன்னும் முடிவு பண்ணல." விளையாட்டுதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

சோலையப்பன் அறுபது மீட்டர் உயரத்திலிருந்து பார்த்ததை இப்போது ஒரு முழத்தில் பார்த்துவிட்டான். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அப்போதுதான் நிதானமாகப் படித்தான்: இறுதி மேசைக்குச் சீட்டுப் போடுபவர், சிவசங்கரன். அன்றிலிருந்து அவன் டிக்கெட்டுக்காக ஆடவில்லை.

இப்போது மெஸ் ஹாலில் மேசையைச் சுற்றி முந்நூறு பேர். ஜும்மா தொழுகை முடிந்து, பிரியாணி முடிந்து, ஏசி திணறிக்கொண்டிருந்தது. சிவசங்கரன் விதிகளை இந்தியிலும் தமிழிலும் சொன்னார். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குக் காட்டக் கூடாது. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவன் ஜெயித்தான். நடுநடுவே பந்தயம் கட்டலாம். கட்ட மனமில்லாதவன் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். பிறகு மேசையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைத் தட்டிக் காட்டினார்.

"போன வாரங்கள்ல நிறையத் தகராறு. இன்னைக்கு ஒரே பேச்சு. இந்தக் கோட்டைத் தாண்டின பொத்தான் திரும்பி வராது. வாய் என்ன சொன்னாலும் சரி, கை செஞ்சதுதான் கணக்கு. சம்மதமா?"

"சம்மதம் சார்," என்று முதலில் சொன்னவன் விஜயபாஸ்கர்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாகர்கோவில் வெல்டர் யேசுராஜ் மூன்றாவதாக நின்று, பொத்தானெல்லாம் போனதும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தான். "எனக்குச் சட்டைல இருக்கிற பொத்தானாவது மிஞ்சிச்சே, அது போதும்." ஹால் முழுக்கச் சிரிப்பு.

மிஞ்சியது இரண்டு பேர். விஜயபாஸ்கர் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு பெரிய பந்தயம் கட்டினால் சோலையப்பன் எதிர்த்து ஆடினான். சீட்டைத் திருப்பினால் அங்கே ஒன்றும் இருக்காது. முழங்கை விலகி நின்றால் சோலையப்பன் பேசாமல் சீட்டைப் போட்டான். பின்னால் நின்ற ஸ்டோர்கீப்பர் முகம்மது சித்தீக்குக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாமு, அம்மாம் பெரிய கிரேன்ல ஏறுன ஆளு, பொத்தானுக்குப் போயி பயப்படுறீங்க!"

"அவரு கிரேன்லேர்ந்து இறங்கி ரொம்ப நாளாச்சுப்பா," என்றான் விஜயபாஸ்கர், சிரித்துக்கொண்டே. "இப்ப கையுறை சைஸ் பாக்குறதுலதான் கெட்டி."

சிலர் சிரித்தார்கள். சோலையப்பன் அந்தச் சிரிப்பை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

நாலரை மணிக்கு அவன் கையில் ஒரு ஒன்பதும் ஒரு ஐந்தும் வந்தன. மேசைக்கு வந்த முதல் மூன்று சீட்டு: ஒன்பது, ஐந்து, ராஜா. விஜயபாஸ்கரின் முழங்கை சட்டென்று விலகியது. ராஜா வைத்திருக்கிறான், சந்தேகமில்லை. நாலாவதாக இன்னொரு ஒன்பது விழுந்தது. சோலையப்பனிடம் இப்போது மூன்று ஒன்பதும் இரண்டு ஐந்தும். போக்கரில் அதற்கு ஃபுல் ஹவுஸ் என்று பெயர், ஒரு ஜோடி ராஜாவெல்லாம் அதன் முன்னால் நிற்காது. விஜயபாஸ்கரோ தன் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவதாக ஒரு இரண்டு வந்தது, அது யாருக்கும் பிரயோஜனமில்லை.

சாதாரணமாக ஆடினாலே ஜெயிப்பு உறுதி. ஆனால் சோலையப்பனுக்கு வேண்டியது அது மட்டுமல்ல. தன் பொத்தான்கள் அத்தனையையும் இரண்டு கையாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினான். தள்ளிவிட்டு, இரண்டு வாரமாகச் சேர்த்துவைத்த குரலை எடுத்தான். அந்த எஞ்சினியரின் குரல் அது.

"யல்லா பாஸ்கர்! ஜல்தி, ஜல்தி! வண்டி நிக்குது!"

ஹாலே சேர்ந்துகொண்டது. யல்லா, யல்லா என்று முந்நூறு பேர் மேசையைத் தட்டினார்கள்.

விஜயபாஸ்கரின் கை போனது. பொத்தான் குவியல் முழுவதும் சரசரவென்று மஞ்சள் கோட்டைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் அவன் கண் ராஜாவை விட்டு நகர்ந்து, மேசையில் ஜோடியாகக் கிடந்த ஒன்பதுகளில் போய் விழுந்தது. கை மேலே எழுந்தது. முஷ்டி மடங்கியது.

"ஸ்டாப்! நான் ஸ்டாப்தான் காட்டுனேன் சார், அவருதான் பாக்கல!"

தட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் தட்டினார்கள். சிவசங்கரன் மட்டும் அசையவில்லை. கையில் மிச்சச் சீட்டுக்கட்டை வைத்தபடி, காற்றில் நின்ற அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கட்டைக் கீழே வைத்தார்.

"கண்ணாடியக் கழட்டு பாஸ்கர்."

கழற்றினான்.

"இப்ப சொன்னியே, அதத் திரும்பச் சொல்லு."

"ஸ்டாப்தான்... சார், யல்லா யல்லான்னு கத்துனா யாருக்குத்தான் சார் கை நிக்கும்? அன்னைக்கும் இப்படித்தான் கத்துனாங்க..."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே காதில் விழுந்தது. மேசைத் தட்டல் முன்வரிசையில் நின்று, பிறகு பின்வரிசையிலும் நின்றது. யேசுராஜ் "ஏசுவே" என்றது எல்லாருக்கும் கேட்டது.

"அன்னைக்குன்னா எந்த நாள்?" என்றார் சிவசங்கரன்.

விஜயபாஸ்கர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டான்.

சிவசங்கரன் இரண்டு பேர் சீட்டையும் திருப்பினார். "ஃபுல் ஹவுஸ். சோலையப்பன் ஜெயிச்சாச்சு." அதைச் சொல்லும்போது அவர் சோலையப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஏழு மணிக்கு ரெண்டு பேரும் என் ஆபீசுக்கு வாங்க. அந்த ரிப்போர்ட்ட நான்தான் எழுதினேன். நானே எடுத்து வைக்கிறேன்."

மேனேஜர் கோப்பையைக் கொடுத்துக் கைகுலுக்கினார், யாரோ படம் எடுத்தார்கள். சோலையப்பன் கோப்பையைச் சித்தீக்கிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். தண்ணீர்க் கூலர் பக்கம் விஜயபாஸ்கர் காத்திருந்தான்.

"அண்ணே. ரெண்டு புள்ளைங்க இருக்கு. விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்கண்ணே."

"நாகலிங்கத்துக்கும் ரெண்டு புள்ளதான்."

"நான் வேணும்னு செய்யல."

"அது தெரியும். கை வேணும்னு செய்யல. வாய் வேணும்னுதான்டா செஞ்சுச்சு." சோலையப்பன் கையை நீட்டினான். "போன எடு. என் நம்பர்னா அவன் எடுக்க மாட்டான். உன்னதுல கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

"இப்பவா?"

"யல்லா," என்றான் சோலையப்பன். இந்தமுறை சத்தமே இல்லாமல்.

நாலு தடவை மணி அடித்தபிறகு நாகலிங்கம் எடுத்தான். விஜயபாஸ்கர் சொன்னான். முதலில் சுற்றி வளைத்தான்; சோலையப்பன் ஒரு விரலைத் தூக்கியதும் நேராகச் சொன்னான். விரல் காட்டியது, எட்டிப் பார்க்காதது, முஷ்டி பிந்தி மடங்கியது, ஆபீசில் பொய் சொன்னது, எல்லாம். மறுமுனையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"சோலை அங்க இருக்கானா?"

பதினான்கு மாதத்துக்குப் பிறகு தன் பெயரை அந்தக் குரலில் கேட்டபோது சோலையப்பன் போன் பக்கம் குனிந்தான். "இருக்கேன்டா."

"இவன் இப்ப சொல்றது நெசமா? இல்ல இதையும் நீ மிரட்டிச் சொல்லவைக்கிறியா?"

சோலையப்பன் விஜயபாஸ்கரைப் பார்த்தான். முகத்தை அல்ல. போனைப் பிடித்திருந்த அந்தக் கையை. முழங்கை உடம்பை விட்டு நன்றாக விலகி நின்றது.

"நெசந்தான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப அவன விட்டுறாத."

"மாட்டேன்," என்றான் சோலையப்பன். "நாளைக்கு ஏழு மணிக்கு, சிவசங்கரன் சார் ஆபீஸ்ல."