வீட்டுமனை விற்ற குரல்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, இறந்த பிறகும் தினமும் காலையில் ஊர் முழுக்கப் போன் செய்து வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு மனை வியாபாரிக்குக் குரல் பதிவு செய்து கொடுத்திருந்தாள், மெஷின் அதை வீடுவீடாகப் போட்டுக்கொண்டிருந்தது. மழைக்காலம் வந்ததும் அந்தப் பதிவுக்குச் சளி பிடித்ததுதான் அதிசயம். "நகரத்துக்கு மிக அருகில்" என்று ஆரம்பித்து, நடுவில் இருமிவிட்டுத்தான் "அரிய வாய்ப்பு" என்று முடிப்பாள். ஊர்க்காரர்கள் இருமலைக் கவனித்தால்தானே! இட்லியில் கை வைக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு உயிரை வாங்குகிறாளே என்று வாயில் வந்தபடி திட்டிவிட்டு வைத்தார்கள். மெக்கானிக் ஒருவர்தான் முழுக்கக் கேட்டார். "எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொன்னபின் அவள் கொஞ்சம் மூச்சு வாங்குவாள். அந்த இடைவெளிக்குள் அவர் தன் சேதிகளைச் சொல்லிவிடுவார்: ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு வடம் மாற்றியாயிற்று, மகள் வந்துவிட்டுப் போனாள், முட்டிவலி பரவாயில்லை. சேதி அதிகமுள்ள நாட்களில் இடைவெளியும் தாராளமாக நீண்டுகொடுத்தது. ஒன்றை அழுத்தினால் வியாபாரி வந்துவிடுவான் என்பதால் அவர் அழுத்தியதே இல்லை.

எல்லாச் சேதியும் சொன்னாரே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் சமையலறையில் சுருண்டு விழுந்த அன்று அவர் லிஃப்ட் குழிக்குள் இருந்தார். அங்கே சிக்னல் எட்டாது. மேலே ஏறி வந்து பார்த்தபோது போனில் அவளுடைய தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. நெஞ்சு வலிக்கிறது, வாங்க என்று கூப்பிட்டாளோ? அந்த நினைப்பு வந்தாலே போட்ட சோற்றை அப்படியே மூடிவைத்துவிடுவார். அன்றிலிருந்து சமையலறையில் எந்த பல்பும் எரியவில்லை என்பது தனிக் கதை. எலக்ட்ரீஷியன் வயரையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மகள் வாங்கி வந்த பல்புகள் கூடத்தில் பளிச்சென்று எரிந்தன, சமையலறையில் மாட்டினால் செத்துப்போயின.

கடைசியில் அரசாங்கம் விழித்துக்கொண்டது. புகார் கொடுத்த எண்ணுக்கு இனி எந்த மெஷினும் பேசக்கூடாது என்று சட்டம் வந்தது. ஊரே இனிப்பு கொடுக்காத குறைதான். யாரோ ஒருத்தி அப்பாவை ஓயாமல் தொந்தரவு செய்கிறாள் என்று மகள் முதல் நாளே அவர் எண்ணையும் பதிந்துவிட்டாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா வெளியாட்களுக்கென்று ஒரு மெல்லிய குரல் வைத்திருந்தாள், வீட்டில் அவள் போட்ட குரல் எதிர்வீட்டு மாடிவரை கேட்கும். பதிவு செய்த விஷயத்தை வெட்கப்பட்டுப் புருஷனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். மறுநாள் காலை போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த காலையும் இல்லை. மெக்கானிக் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை வந்தது, அவள் இருமல் இப்போது எப்படி இருக்கிறதோ என்று தவித்தார்.

ஒருநாள் வேட்டி மாற்றிக்கொண்டு புகார் அலுவலகத்துக்குப் போனார். காதில் ஹெட்போனோடு இருந்த அதிகாரி அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, ஊரே நிறுத்தச் சொல்லுது, நீங்க திறந்துவிடச் சொல்றீங்க?"

"அது என் வீட்டுக்காரிம்மா. போய்ச் சேர்ந்துட்டா. குரல் மட்டும்தான் வந்துக்கிட்டிருந்துச்சு."

அதிகாரி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு விதி என்னவோ அதைச் சொன்னார். "ஒரு தடவை மூடினா திறக்க வழியில்லைங்க. ஆனா தடை மெஷினுக்குத்தான். ஆளு கூப்பிட்டா வரத்தான் செய்யும். ஆளுதானான்னு நாங்க கேட்டுப் பார்ப்போம், அவ்வளவுதான்." மெக்கானிக் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

மழை விட்ட ஒரு நாள் முற்பகலில், பழைய லிஃப்ட் குழியின் அடியில் அவர் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கையில், சிக்னலே எட்டாத அந்த இடத்தில் போன் அடித்தது. முதலில் அதிகாரி பேசினார். "ஐயா, ஆளுதானான்னு கேட்டேன். அந்தம்மா கத்தின கத்துல ஹெட்போனையே கழட்டிட்டேன். ஆளுதான். பேசுங்க."

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடறது உங்களை?" எதிர்வீட்டு மாடிவரை கேட்கும் அதே குரல். "வர்றப்ப ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க. சமையலறையில ஒண்ணும் தெரியல."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அன்னிக்கு... அன்னிக்கும் இதுக்குத்தான் கூப்பிட்டியா?"

"பின்னே எதுக்காம்? மறந்துடாதீங்க."

வைத்துவிட்டாள். மெக்கானிக் கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். மேலே லிஃப்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் ஏதோ பழுது பெரிது போலிருக்கிறது என்று படியில் இறங்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மெக்கானிக் மூலைக்கடையில், இருப்பதிலேயே சாதாரணமான பல்பு ஒன்றை வாங்கி வந்து சமையலறையில் மாட்டினார். எரிந்தது.

சாயங்காலம் வந்த மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அட, எரியுதே! இந்த பல்ப யாருப்பா வாங்கச் சொன்னா?"

"உங்கம்மா."

"அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மகள் டீ போட உள்ளே போனாள்.