லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் ஆறாவது சோதனை

லிஃப்ட் இன்ஸ்பெக்டராக முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர் அவர். வேலைதான் ஓய்வு பெற்றதே தவிர, புத்தி ஓய்வு பெறவில்லை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட படிவம். மனைவியைச் சேர்க்க முதியோர் பராமரிப்பு இல்லம் தேடி, ஐந்து இடங்களைப் பார்த்து ஐந்தையும் கழித்துக் கட்டியிருந்தார். ஒன்றில் குளியலறைச் சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. யாரையும் குளிப்பாட்டுவதில்லை என்று அர்த்தம். சரி, நியாயம். இன்னொன்றில் லிஃப்ட் தரையை விட்டு இரண்டு விரல் மேலே நின்றதாம். இதற்கு என்ன சொல்ல?

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "குறை கண்டுபிடிக்கணும்னே வர்றீங்கப்பா. போன மாசம் அம்மாவைத் தூக்கப் போய் ரெண்டு பேரும் பாத்ரூம்ல விழுந்து கிடந்தீங்க. நான் மட்டும் அன்னிக்கு வரலேன்னா? இதுதான் கடைசி இடம், சொல்லிட்டேன்."

நாற்பத்தெட்டு வருடம் தன்னோடு ஒரே அறையில் படுத்தவளை வேறிடத்தில் விட அவருக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்ல வாய் வராத மனிதர், சோப்பைச் சொன்னார், லிஃப்டைச் சொன்னார்.

ஆறாவது இல்லத்தின் மேலாளர் அம்மாள் மகளைத் தோட்டம் காட்ட அழைத்துப்போன சமயம் பார்த்து, இவர் ஒரு காலி அறைக்குள் நழுவினார். உதவி மணியை அழுத்தி ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினார். இரண்டு நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும், இது ஒன்பதாவது கேள்வி. வரவில்லை. சரி, பதினேழாவது கேள்வியான மெத்தையைப் பார்ப்போம் என்று காலை நீட்டிப் படுத்தார்.

பதினோராவது நிமிடம், வாட்டசாட்டமான பணிப்பெண் ஒருத்தி தோளில் துண்டோடு வந்து நின்றாள். அவர் படுத்தபடியே படிவத்தில் '11' என்று குறித்துக்கொண்டார்.

"புதுசா வர்றதாச் சொன்னவரு நீங்கதானா? ஷூவோடயா படுப்பீங்க? நல்லா இருக்கு போங்க! பக்கத்து ரூம்ல ஒருத்தர் அழுதுட்டிருந்தாரு ஐயா, பாதியில விட்டுட்டு வர முடியல."

மறுக்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டுத்தான் போவார். போகும் இடமெல்லாம் பளபளவென்று இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சோதனை இன்றுதான் வாய்த்திருக்கிறது. கெடுப்பானேன்?

அவள் ஷூவைக் கழற்றினாள், காலுறையை உருவினாள். "ஐயையோ, இது என்ன நகமா, கொக்கியா?" என்று நகவெட்டியை எடுத்தாள். குனிய முடியாமல் போனதிலிருந்து அந்த நகங்களை அவரே பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சுகமாக இருந்தது.

ஒரு கால் முடிந்ததும் கேட்டாள்: "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

ஐந்து இல்லங்களிலும் யாரும் கேட்காத கேள்வி. அவருடைய நாற்பத்தொன்றிலும் அது இல்லை.

"இடது பக்கம். அவளுக்கு ஜன்னல் தெரியணும். என் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்."

"அவளா? யாரு?"

அந்த நேரம் பார்த்து மேலாளரும் மகளும் உள்ளே வந்தார்கள். மேலாளர் கட்டிலருகே ஓடி வந்தார். "இவரு நம்மளைச் சோதிக்க வந்தவரும்மா!" பணிப்பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். "மணி அடிச்சு ஆள் வரப் பதினோரு நிமிஷமா? அப்போ இதுவும் தேறலையா?"

அவர் படிவத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். 'இடது பக்கம். ஜன்னல். கட்டைவிரல்.' என்று எழுதிப் பணிப்பெண்ணிடம் நீட்டினார். "நாளைக்கு என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வர்றோம். விரலைக் கொடுப்பியாம்மா?"

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் விரல் கொஞ்சம் தடிமன் ஐயா. ரெண்டு நாள்ல பழகிடுவாங்க."

"அதுதான் பயமா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர், அடுத்த காலை நீட்டியபடி.