துரை கொடுத்த ஊதா ஜாடி

ஈப்போ புந்தோங்கில் தர்மாவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்த ஜாடியையும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே! ஊதா நிறம், உள்ளே புகை சுழல்வது போல் கோடுகள், அரை முழ உயரம். பத்துமலை என்பது அவருடைய தாத்தாவின் பெயர். அவர் தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரராக இருந்தபோது வெள்ளைக்காரத் துரையே தன் கையால் கொடுத்தது. துரையின் குளியலறைக்குள் புகுந்த பாம்பைத் தாத்தா ஒற்றை ஆளாக அடித்துக் கொன்றாராம், அதற்குப் பரிசாம். தர்மா கல்யாணமான புதிதில் சொன்னபோது அது சாரைப்பாம்பு. போன வருஷம் மச்சினன் மகள் நிச்சயதார்த்தத்தில் சொன்னபோது மலைப்பாம்பாகியிருந்தது.

பாம்பு செத்த கையோடு இன்னொரு கதையும் வரும். அதுதான் அவர் மனைவி கலாதேவிக்கு ஆகாது. அவளுடைய தாத்தா சாமிக்கண்ணு அதே பங்களாவில் தோட்டக்காரர். கை சுத்தமில்லை என்று துரை அவரைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டே விரட்டினார். குடும்பம் பாகான் டத்தோவுக்குப் போய்த் தேங்காய் உரித்துப் பிழைத்தது.

"அந்த வீட்டுப் பொண்ணுக்கும் ஒரு வாழ்வு குடுக்கணும்னு எங்க தாத்தாதான் ஒத்தக் கால்ல நின்னாரு. சீரே வேணாம்னுட்டாரு. மனுசன்னா அவரு மனுசன்லா!" என்று தர்மா முடிப்பார். கலாதேவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நாற்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். சீனி டப்பா இடம் மாறியிருந்தால்கூட, "பரம்பரை புத்தி போகுமா?" என்பார். எல்லாம் விளையாட்டுக்குத்தானாம். நல்ல விளையாட்டு!

இந்த லட்சணத்தில், ஈப்போ பழைய டவுனில் தோட்ட மக்களுக்கென்று ஒரு காட்சியகம் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தர்மா சும்மா இருப்பாரா? 'பத்துமலைக்குத் துரை அளித்த பரிசு' என்று எழுதி, ஜாடியை ஊரே பார்க்கும்படி வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு பயலும் தாத்தா கதையைக் கேட்டுச் சிரிக்க முடியாது. ஆனால் ஒரு பொருளை யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று சோதித்து உறுதி செய்த பிறகுதான் அங்கே வைப்பார்கள். அந்த வேலைக்கென்று விவியன் என்ற பெண் இருந்தாள். லோரி ஓட்டியே காலத்தைக் கழித்த தர்மாவுக்குச் சோதனை என்றால் பயமா? ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிவர இரண்டு வேன் பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார். கலாதேவியையும் வற்புறுத்திக் கூட்டிப் போனார். அவள் பார்க்க வேண்டாமா!

"பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டபடியே விவியன் ஜாடியை வாங்கித் துணி விரித்த மேசைமேல் வைத்தாள்.

"அதெல்லாம் ஆச்சும்மா. இது லண்டன்ல ராணிக்குன்னே செஞ்ச சாமான். மொத்தமே அம்பதுதான் செஞ்சானுங்க. அடியில பாரு, நாப்பத்தொண்ணுன்னு கீறியிருக்கும். நாப்பத்தொண்ணாவது ஜாடி!"

விவியன் விளக்கைப் பிடித்தாள். விரலால் பக்கவாட்டில் மேலிருந்து கீழே தடவினாள். பிறகு தர்மாவின் விரலையும் அங்கே வைக்கச் சொன்னாள்.

"மெல்லிசா ஒரு கோடு தட்டுதா? அச்சு சேர்ற இடம் அங்கிள். இது கையால ஊதிச் செஞ்சதில்ல, அச்சுல அழுத்தி எடுத்தது. உள்ள புகை மாதிரி ஓடுதில்ல, இதை மேகக் கண்ணாடின்னு சொல்லுவாங்க. இங்கிலாந்துல வடக்குப் பக்கம் கேட்ஸ்ஹெட்னு ஒரு ஊரு. 1920கள்ல, 30கள்ல அங்க நெறைய செஞ்சு கடை கடையா வித்தாங்க."

"அப்ப ராணி?"

"அவங்களும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்றாள் அவள், பெரியவர் மனம் நோகாமல்.

கலாதேவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"வெள்ளைக்காரன் சாமான்தானே? பழசுதானே?"

"அதுல சந்தேகமே இல்ல."

"அது போதும்லா!" என்று தர்மா நாற்காலியில் சாய்ந்தார். ராணி போனால் போகட்டும், துரை இருக்கிறாரே.

விவியன் ஜாடியைக் கவிழ்த்தாள். "இந்த நம்பர் பேக்டரி போட்டதில்ல. பின்னால யாரோ கீறியிருக்காங்க. பங்களா சாமானெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். துரை மாறுவாரு, சாமான் மாறாது. அதான் நம்பர் போட்டு எழுதி வைப்பாங்க. நீங்க சொன்ன தோட்டத்துப் பங்களாவோட சாமான் கணக்குப் புத்தகம் எங்ககிட்ட வந்திருக்கு."

தர்மா துள்ளி எழுந்தார். "அப்ப துரை குடுத்ததுன்னு அதுல எழுதியிருப்பானே! எடும்மா, எடு! சத்தமா வாசி, இவளுக்கும் கேக்கட்டும்."

செல்லரித்த புத்தகம் வந்தது. விவியன் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "நாப்பத்தொண்ணு. ஊதா ஜாடி. முன் அறை. 1936, மார்ச் மாசம்..." நிறுத்திவிட்டாள். "அங்கிள், நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள வாரீங்களா?"

"என்ன ரகசியம்? வாசிம்மா!"

"ஜாடியக் காணோம். தோட்டக்காரன் சாமிக்கண்ணு சன்னல் வழியா எடுத்துட்டுப் போனதைப் பார்த்ததா சமையல்காரன் பத்துமலை சாட்சி சொன்னான். சாமிக்கண்ணுக்கு வேலை போச்சு. அவன் வீட்டைச் சோதிச்சும் ஜாடி கெடைக்கல."

தர்மா குனிந்து ஜாடியின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"அது... வேற ஜாடியா இருக்கும்."

"நம்பர் இதேதான் அங்கிள்."

"ஒருவேளை சாமிக்கண்ணு எடுத்து, எங்க தாத்தாகிட்ட..." என்று ஆரம்பித்தவருக்கு அதை முடிக்கத் தெரியவில்லை. அந்த வீட்டில் கிடைக்காத ஜாடி தொண்ணூறு வருஷமாகத் தன் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

கலாதேவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "எங்க தாத்தா சாகுற வரைக்கும் யாரு வீட்டுக்குள்ளயும் நொழைய மாட்டாரும்மா. கல்யாண வீட்டுலகூட வெளியதான் நிப்பாரு. ஏதாச்சும் காணாமப் போனா நம்ம தலையில விழும்னு."

விவியன் புத்தகத்தை மூடினாள். "அட்டையில என்ன எழுதட்டும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். தர்மாவை அவள் கேட்கவில்லை.

"உள்ளதை எழுது. ரெண்டு பேரு பேரையும் போடு."

"கலா, ஞாயித்துக்கெழமை ரெண்டு வேன் ஆளுங்க வாராங்க" என்றார் தர்மா. கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

"வரட்டுமே. நீங்கதானே கூப்பிட்டீங்க?"

திரும்பும் வழியில் அவர் காரை மெதுவாக ஓட்டினார். அவள் திட்டுவாள், அழுவாள், பாகான் டத்தோவுக்குப் போகிறேன் என்பாள் என்று ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் காத்திருந்தார். அவள் வாயே திறக்கவில்லை. புந்தோங்குக்குள் நுழைந்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லு கலா."

"உங்க தாத்தா ஏன் சீரே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னாருன்னு யோசிச்சேன்" என்றாள் கலாதேவி. "அவருக்கு மனசு உறுத்தியிருக்கு. ஆனா ஜாடியத் திருப்பிக் குடுக்க மனசு வரல. அதுக்குப் பதிலாத்தான் உங்களைக் குடுத்திருக்காரு."

தர்மா காரை வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"ஜாடியவே குடுத்திருக்கலாம்ங்க. அது நாப்பது வருசமும் சும்மா இருந்திருக்கும்."